வக்கீல் கையில் உங்கள் பணம்: கணக்கு கேட்பதிலிருந்து பார் கவுன்சில் வரை

கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கல்யாணப் பத்திரிகை ஒன்றை என்னிடம் நீட்டினார். மடித்து மடித்து மூலையெல்லாம் கிழிந்திருந்தது. யார் வீட்டுக் கல்யாணம் என்று முன்பக்கத்தைப் பார்த்தேன். "பின்னாடி பாருங்க தம்பி" என்றார்.

பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவில் ஒரு கணக்கு. தேதி, தொகை, யார் கையில் கொடுத்தது. 'கோட்டு பீசு 2,000 குமாஸ்தா'. 'கமிஷனர் செலவு 3,500'. 'தீவாளிக்கு முன்ன 1,000'. இப்படி ஏழெட்டு வரி. எல்லாவற்றுக்கும் கீழே வேறொரு மையில்: 'செக்கு வந்துடுச்சாம். எவ்ளோன்னு சொல்லல.'

"ரசீது வாங்கினீங்களா ஐயா?"

"வக்கீல் ஐயாகிட்ட போய் ரசீது எப்படிப்பா கேக்கறது?"

நான் வக்கீல் இல்லை. சட்ட உதவி கேட்டு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் தன்னார்வலன். இந்தக் கேள்வியை விழுப்புரம் பஸ்ஸிலும் கேட்டிருக்கிறேன், புதுச்சேரி கடலூர் சாலை கோர்ட் வளாகத்திலும் கேட்டிருக்கிறேன். கேட்கலாமா என்ற தயக்கத்திலேயே பாதி பேருடைய பணம் போய்விடுகிறது. கேட்கலாம். கணக்கு கேட்பது உங்கள் உரிமை என்று வக்கீல்களுக்கான விதிகளே சொல்கின்றன. அந்த விதிகள் என்ன, மீறினால் யார் என்ன செய்வார்கள் என்பதை ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்வதுபோல் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் மனதில் உட்கார வேண்டும். வக்கீலிடம் போகிற பணமெல்லாம் ஒரே பணம் இல்லை. ஃபீஸ் என்று பேசிக் கொடுத்தது அவருடையது. கோர்ட் ஃபீஸ், கமிஷனர் செலவு (கோர்ட் நியமித்து இடத்தைப் பார்க்க அனுப்புகிறவருக்கானது), சாட்சி படி என்று கொடுத்தது செலவுக்காக அவரிடம் விட்டு வைத்தது. செலவானதுபோக மிச்சம் உங்களுடையது. மூன்றாவது, வழக்கில் ஜெயித்து உங்களுக்காக வருகிற பணம்: விபத்து நஷ்டஈடு, நில இழப்பீடு, கோர்ட் தீர்ப்புப்படி எதிர்த்தரப்பு கட்டும் டிகிரி தொகை. அது வக்கீல் கைக்கு வந்தாலும், அவர் பேரில் செக்காகவே வந்தாலும், உங்கள் பணம்தான். பக்கத்து வீட்டில் நகையைக் கொடுத்துவிட்டுத் திருப்பதி போனால் நகை பக்கத்து வீட்டுக்காரருடையது ஆகிவிடுமா? அதே கதைதான். ஆங்கிலச் சட்ட மொழியில் 'டிரஸ்ட்' என்பார்கள். நம் ஊர்ப் பேச்சில் நம்பி ஒப்படைத்தது.

வக்கீல்களை முறைப்படுத்துவது 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம். அதன் கீழ், வக்கீல்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சில் நடத்தை விதிகளை வகுத்திருக்கிறது. பண விஷயம் அதில் 25 முதல் 32 வரையிலான விதிகளில் இருக்கிறது. நான் மனு எழுதும்போதெல்லாம் இந்த எட்டு விதிகளைத்தான் திரும்பத் திரும்பப் புரட்டுகிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீங்கள் 15,000 ரூபாய் கொடுத்தீர்கள். 10,000 ஃபீஸ், 5,000 செலவுக்கு என்று பேச்சு. 25-ஆம் விதிப்படி, வந்தது எவ்வளவு, செலவு எவ்வளவு, ஃபீஸாகக் கழித்தது எவ்வளவு என்று வக்கீல் தேதியோடு கணக்கு வைக்க வேண்டும். 26-ஆம் விதிப்படி, வந்த பணம் ஃபீஸுக்கா செலவுக்கா என்பதை அந்தக் கணக்கிலேயே குறிக்க வேண்டும். 5,000-ல் 3,200 செலவாகி 1,800 மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது அந்த 1,800-ஐ "ஃபீஸ் பாக்கியில் கழித்துக்கொண்டேன்" என்று வக்கீல் எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமானால் உங்கள் சம்மதம் எழுத்தில் வேண்டும். போனில் "சரிங்க சார்" என்றது போதாது.

வழக்கு முடிந்த பிறகு நிலைமை மாறுகிறது. பேசிய ஃபீஸில் பாக்கி இருந்தால், கையில் மிஞ்சிய பணத்தில் கழித்துக்கொள்ள 28-ஆம் விதி அனுமதிக்கிறது. ஃபீஸ் பேசாமலே விட்டிருந்தால் கோர்ட் விதிப்படியான ஃபீஸை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 29. வக்கீலுக்கும் வயிறு இருக்கிறது, அவர் உழைப்புக்குக் கூலி உண்டு என்பதை விதிகள் மறுக்கவில்லை. எப்போது, எவ்வளவு, எந்தக் கணக்கைக் காட்டி என்பதுதான் விஷயம்.

27-ஆம் விதிதான் பெரியவரின் கடைசி வரிக்கு நேரான பதில். கட்சிக்காரர், அதாவது வழக்கை ஒப்படைத்தவர், சார்பில் பணம் வந்தால் வந்தது என்று கூடிய சீக்கிரம் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். 30-ஆம் விதி: கட்சிக்காரர் கேட்டால் கணக்கின் நகலைத் தர வேண்டும், நகல் செலவு மட்டும் நாம் கொடுக்க வேண்டும். 31-ஆம் விதி, கையில் இருக்கும் கட்சிக்காரர் பணத்தைக் கடனாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு கூடாது என்கிறது. "பொண்ணு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது, கைமாத்தா எடுத்துக்கிட்டேன், வட்டியோட குடுத்துடறேன்" என்று ஒரு வக்கீல் நல்ல மனதோடு சொன்னாலும், விதியைப் பொறுத்தவரை அது தப்புதான்.

பணத்தை அவரிடம் கொடுக்க கோர்ட்டுக்கு எங்கிருந்து அதிகாரம் வந்தது என்று சிலர் கேட்பார்கள். நீங்களே கொடுத்ததுதான். வக்காலத்தை எடுத்துப் பாருங்கள். அச்சடித்த பொடி எழுத்தில், வழக்கை நடத்தவும், ராஜி செய்துகொள்ளவும், பணம் பெற்று ரசீது கொடுக்கவும் என்று வரிசையாக இருக்கும். கையெழுத்து போட இடம் எங்கே என்று மட்டும் பார்த்துப் போட்டிருப்போம். பெறுவதற்கு அதிகாரம் கொடுத்திருக்கிறோம், வைத்துக்கொள்ள இல்லை. வக்காலத்திலேயே வக்கீலின் பதிவு எண்ணும் இருக்கும். நம் பக்கம் 'எம்.எஸ்.' என்று தொடங்கி, எண்ணும் வருடமும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படலாம்.

கடலூர்ப் பக்கம் இந்தச் சிக்கல் முளைக்கும் இடங்கள் தெரிந்தவைதான். ஒன்று நில இழப்பீடு. நெய்வேலி சுரங்கத்துக்காகவும் சாலைக்காகவும் நிலம் போன ஊர்களில், கொடுத்த விலை போதாது என்று வழக்கு போட்டு வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். இன்னொன்று வாகன விபத்து. புதுச்சேரி–கடலூர் ரோட்டில் அடிபட்டவர்களின் குடும்பங்களுக்குத் தீர்ப்பாயம் தொகை நிர்ணயிக்கும், இன்ஷூரன்ஸ் கம்பெனி டெபாசிட் செய்யும், அதன் பிறகு 'செக் பெட்டிஷன்' போட்டுப் பணம் எடுக்க வேண்டும். டெபாசிட் ஆன தேதிக்கும் குடும்பத்தின் கைக்கு வந்த தேதிக்கும் நடுவில் பணம் எங்கே இருந்தது என்று கேட்டால்தான் வண்டவாளம் தெரியும்.

விபத்து வழக்கைப் பொறுத்தவரை ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், நஷ்டஈட்டை உரியவரின் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்பும் வழிமுறையைத் தீர்ப்பாயங்கள் பின்பற்ற வேண்டும் என்று சொன்னது. உங்கள் பாஸ்புக் நகலைத் தாக்கல் செய்யச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். நல்ல வக்கீலுக்கு அதில் நிம்மதிதான். "பணம் என் வழியாத்தான் வரணும்" என்று பிடிவாதம் பிடித்தால் ஏன் என்று யோசியுங்கள்.

"வர்ற பணத்துல இத்தனை பர்சென்ட்" என்ற பேச்சைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊரெல்லாம் நடக்கிறது, ஆனால் விதிக்கு விரோதம். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் என்றோ, கிடைக்கும் தொகையில் பங்கு என்றோ பேசக் கூடாது என்பது 20-ஆம் விதி. விபத்து நஷ்டஈட்டில் பர்சென்ட் ஃபீஸ் கேட்ட விவகாரத்தில் தெலங்கானாவிலிருந்து போன ஒரு செக் வழக்கில் 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. பர்சென்ட் பேச்சுக்குக் கட்சிக்காரர்களும் உடந்தை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கையிலிருந்து இப்போதைக்குக் காசு போகாதே என்று நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

சரி, விதி மீறப்பட்டது. யாரிடம் போவது?

பெரும்பாலானவர்கள் முதலில் போகும் இடம் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் பார் அசோசியேஷன். அது வக்கீல்களின் சங்கம். தலைவர் கூப்பிட்டுப் பேசி வைப்பார், சில நேரம் பணமும் வந்துவிடும். ஆனால் வக்கீலின் சன்னதை, அதாவது தொழில் செய்யும் அனுமதியை, தொடும் அதிகாரம் சங்கத்துக்குக் கிடையாது. அது இருப்பது பார் கவுன்சிலுக்கு. புதுச்சேரிக்காரர்களிடம் 'பார்' என்றாலே வேறு நினைப்பு வரும், இருந்தாலும் இதைச் சொல்லி வைக்கிறேன்: எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் சரக்கு விலை மாறும், பெட்ரோல் விலை மாறும், பார் கவுன்சில் மாறாது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து ஒரே கவுன்சில்தான், தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது.

வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின் கீழ் அங்கே புகார் கொடுக்க வேண்டும். மனு வடிவில், கையெழுத்திட்டு, சொன்னதெல்லாம் உண்மை என்ற உறுதிமொழியோடு, உரிய கட்டணம் கட்டித் தர வேண்டும். தமிழிலேயே எழுதலாம். எழுதும்போது ஆத்திரத்தைக் குறைத்துத் தேதியைக் கூட்டுங்கள். "என்னை ஏமாற்றிய அயோக்கியன்" என்ற வரியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. 'டெபாசிட் ஆன தேதி இது, வக்கீல் எடுத்த தேதி இது, நான் கணக்கு கேட்டுத் தபால் அனுப்பிய தேதி இது, இன்றுவரை பதில் இல்லை' என்ற நாலு வரி போதும். பணம் எடுக்கப்பட்ட விவரத்துக்குக் கோர்ட்டில் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கிச் சேர்த்தால் புகாருக்கு முதுகெலும்பு வந்துவிடும்.

புகாரில் விஷயம் இருக்கிறது என்று கவுன்சில் நம்பினால் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். மூன்று பேர் குழு. இரண்டு பேர் கவுன்சில் உறுப்பினர்கள், ஒருவர் வெளியிலிருந்து சேர்க்கப்படும் வக்கீல். வக்கீலை வக்கீலே விசாரிப்பதா என்று கேட்டால், ஆமாம், அப்படித்தான். இதைப் பற்றி எனக்கும் முணுமுணுப்பு உண்டு. சாட்சிக்கு சம்மன் அனுப்பவும் ஆவணம் வரவழைக்கவும் சிவில் கோர்ட்டுக்கு உள்ளதைப்போல் குழுவுக்கும் அதிகாரம் இருக்கிறது. ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் 36-பி பிரிவின்படி வழக்கு டெல்லியில் உள்ள இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். அங்கேயும் தேங்குகிறது என்பதால்தான் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மாற்றப்பட்டு வந்த புகார்களையும் ஓராண்டுக்குள் முடிக்கும்படி சொல்ல வேண்டியிருந்தது. மாநிலக் குழுவின் உத்தரவு பிடிக்காவிட்டால் 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலில் மேல்முறையீடு, அதன் பிறகு இன்னொரு 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றம்.

தண்டனை மூன்று விதம். கண்டித்து விடுவது, குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் செய்யத் தடை, வக்கீல் பட்டியலிலிருந்தே பெயரை நீக்குவது. எது எப்போது என்பதற்குச் சூத்திரம் இல்லை, பழைய தீர்ப்புகளைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

நம் மாநிலத்திலிருந்து போன ஒன்று. காது கேளாத முதியவர் ஒருவரும் இன்னொருவரும் புரோநோட்டுகளின் பேரில் சுமார் 20,000 ரூபாயை வசூலிக்க ஒரு வக்கீலிடம் போனார்கள். கோர்ட் ஃபீஸுக்குப் பணமும் வாங்கிக்கொண்டார். வழக்கே போடவில்லை. போட்டாச்சு என்று நம்ப வைத்துக்கொண்டே இருந்தார், காலக்கெடுவும் ஓடிப்போனது. தமிழ்நாடு பார் கவுன்சில் 6 ஆண்டுத் தடை விதித்தது. இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாகக் குறைத்தது. 1978-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இன்னொரு வழி பிடித்தார்: பாதிக்கப்பட்டவருக்கு ஒரு தொகை கொடு, இலவச சட்ட உதவி அமைப்பில் ஏழைகளுக்காக வேலை செய். வக்கீலுக்கும் திருந்த வழி வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தத் தீர்ப்பைப் புகழாதவர் குறைவு. எனக்கு மட்டும், சட்ட உதவி தேடி வருகிற ஏழைக்கு ஏன் அந்த வக்கீல் என்று ஒரு நெருடல்.

அடுத்தது உத்தரப் பிரதேசம், லக்கிம்பூர் கேரி. எழுத்தறிவில்லாத ஏழை ஒருவரின் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டு கோர்ட்டில் 8,118 ரூபாய் டெபாசிட் செய்தது. 1987-ல் வக்கீல் அதை எடுத்தார், கட்சிக்காரருக்குச் சொல்லவில்லை. புகார் போனதும், ஃபீஸ் போக மீதியைக் கொடுத்துவிட்டேன் என்றார். பிறகு, சமாதானமாகிவிட்டோம் என்று கட்சிக்காரர் பேரிலேயே ஒரு பிரமாணப் பத்திரம் வந்து சேர்ந்தது. அது என்னுடையதே இல்லை என்றார் கட்சிக்காரர். இந்திய பார் கவுன்சில் 3 ஆண்டுத் தடை போட்டது. அதை எதிர்த்து வக்கீல் உச்ச நீதிமன்றம் போனார். 2002-ல் கோர்ட் தண்டனையைக் குறைக்கவில்லை, கூட்டியது: பெயரையே நீக்கிவிட்டது. கட்சிக்காரர் பணத்தைக் கையாடுவது இந்தத் தொழிலின் ஆகக் கொடிய குற்றங்களில் ஒன்று என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தொகை சின்னதாக இருப்பது காப்பாற்றவில்லை.

அந்தப் பிரமாணப் பத்திரத்தை நினைவில் வையுங்கள். புகாருக்கு நோட்டீஸ் போனதும் பல இடங்களில் நடப்பது இதுதான். பணத்தில் பாதியைக் கொடுத்து, "வாபஸ் வாங்கறேன்னு எழுதிக் குடுங்க" என்பார்கள். எழுதிக் கொடுத்தாலும், அதை மட்டும் காரணமாக வைத்து விசாரணையைக் கைவிடக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது.

எல்லாப் புகாரும் நியாயமானதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வழக்குத் தோற்றால் அது வக்கீலின் ஒழுங்கீனம் இல்லை. கவனக்குறைவு மட்டும் இருந்து, கெட்ட நோக்கம் இல்லாவிட்டால் பொதுவாகத் தண்டனைக்குரிய நடத்தையாகாது என்று கோர்ட்டுகள் சொல்லி வந்திருக்கின்றன. ஒருவரின் பிழைப்பையே பறிக்கும் நடவடிக்கை என்பதால் சாட்சியமும் கெட்டியாக இருக்க வேண்டும். ஃபீஸ் பாக்கி வைத்துவிட்டு, கேட்டதும் புகார் எழுதச் சொல்லி என்னிடமே வந்தவர்கள் உண்டு. அதற்காக, ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டை வக்கீல் பிடித்து வைத்துக்கொள்ளவும் முடியாது. அப்படி ஒரு பிடிமானம் வக்கீலுக்கு இல்லை என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

இப்போது மனம் உடையும் பகுதி. பார் கவுன்சில் தண்டிக்கும். உங்கள் பணத்தை வசூலித்துத் தருவது அதன் வேலை இல்லை. 35-ஆம் பிரிவின் தண்டனைப் பட்டியலில் 'பணத்தைத் திருப்பிக் கொடு' என்று ஒன்று கிடையாது. செலவுத்தொகை வேண்டுமானால் விதிக்கலாம். பணத்துக்குத் தனியாக சிவில் வழக்குதான், பொதுவாக 3 ஆண்டுக்குள். பார் கவுன்சில் முடிவு வரட்டும் என்று காத்திருந்து அந்தக் கெடுவைக் கோட்டைவிட்டவர்கள் இருக்கிறார்கள். கையாடல் தெளிவாக இருந்தால் போலீஸிலும் நம்பிக்கை மோசடிப் புகார் கொடுக்கலாம். பழைய தண்டனைச் சட்டத்தின் 406, 409 பிரிவுகள் 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-க்குள் வந்துவிட்டன. "இது சிவில் மேட்டர்" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள், தயாராகப் போங்கள். நுகர்வோர் கோர்ட் கதவு மூடியாயிற்று: வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

புதுச்சேரியில் பிரான்ஸ் சொந்தம் இல்லாத தெரு குறைவு. பிரான்ஸில் இருப்பவர்களிடம் கேட்டால் 'கார்ப்பா' என்று ஒன்றைச் சொல்வார்கள். வழக்கறிஞர் சங்கமே நடத்தும் பொதுப் பண நிலையம். கட்சிக்காரருக்குச் சேர வேண்டிய பணம் வக்கீலின் சொந்தக் கணக்குக்குப் போகாமல் அதன் வழியாகத்தான் கட்சிக்காரருக்குப் போகும். அமெரிக்காவில் கட்சிக்காரர் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு கட்டாயம். அங்கே நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் 1979-ல் இன்னும் கடுமையாகப் போனது: தெரிந்தே கட்சிக்காரர் பணத்தைத் தொட்டால், திருப்பி வைக்கும் எண்ணம் இருந்தாலும், ஏறக்குறைய எப்போதும் பெயர் நீக்கம்தான். கையாடிய வக்கீலிடமிருந்து பணம் பெயராத கட்சிக்காரருக்குக் கொடுக்க, வக்கீல்களிடமே சந்தா வசூலித்து ஒரு நிதியும் வைத்திருக்கிறார்கள். நம் விதிகள் கணக்கு வைக்கச் சொல்கின்றனவே தவிர, தனி வங்கிக் கணக்கு வைக்கச் சொல்லவில்லை. சொந்தப் பணமும் கட்சிக்காரர் பணமும் ஒரே கணக்கில் கிடந்தால் எது யாருடையது என்று அவருக்கே ஒரு நாள் மறந்துபோகும். கெட்ட எண்ணத்தில் தொடங்காத பல கையாடல்கள் இப்படித்தான் தொடங்குகின்றன என்பது என் அனுமானம். பிடித்த பிறகு தண்டிப்பதைவிட, பணம் கலக்காமல் பார்த்துக்கொள்வது மலிவு. அந்த ஏற்பாடு இங்கே இல்லாத வரை, கணக்கு வைக்கும் வேலை நம் பக்கமும் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுக்காமல் ஜிபே-யிலோ செக்கிலோ கொடுத்து, 'கோர்ட் ஃபீஸுக்கு' என்று ஒரு வார்த்தை குறிப்பில் எழுதினால் அதுவே பாதி ரசீது.

பெரியவருக்கு அன்றைக்கு நாங்கள் பார் கவுன்சில் மனு எழுதவில்லை. பத்து வரியில் ஒரு கடிதம்தான். 'ஐயா அவர்களுக்கு வணக்கம்' என்று தொடங்க வேண்டும் என்றார், தொடங்கினோம். வந்த தொகை எவ்வளவு, வந்த தேதி என்ன, நான் செலவுக்குக் கொடுத்ததில் மிச்சம் எவ்வளவு, கணக்கின் நகலை அனுப்பி வைக்கவும், நகல் செலவைத் தரத் தயார். பத்திரிகையின் பின்பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இணைத்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போட்டோம்.

ஒன்பதாம் நாள் அவரிடமிருந்து போன். குமாஸ்தா வீடு தேடி வந்திருந்தாராம். "கணக்கு சொல்றேன், ஆபீஸுக்கு வாங்கன்னாரு. என்னப்பா செய்ய?"

"வாயால சொல்ற கணக்கு வேணாம், எழுத்துல வேணும்னு சொல்லுங்க ஐயா."

"சொல்லிட்டேன்பா. அப்படித்தான் சொன்னேன்."

அட்டை திரும்பி வந்ததா என்று கேட்டேன். வந்துவிட்டது, அதையும் பத்திரிகைக்குள்ளேயே வைத்திருக்கிறேன் என்றார்.